நான் கிழித்த முதல் தாள்

உங்கள் பெரியப்பா ஒரு புத்தகம் எழுதினார். இதை நான் உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. உங்கள் அம்மாவுக்குக்கூடப் பாதிதான் தெரியும். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். கோவையாக எழுத வராது. ஆனால் வாயால் சொல்லப் பார்த்த இரண்டு தடவையும் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டேன். அதனால் எழுதுகிறேன்.

ஜாசினிலிருந்து செம்மண் பாதையில் ஐந்து கல் உள்ளே போனால் எங்கள் ரப்பர் தோட்டம். அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர். அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. அண்ணன் எனக்கு எட்டு வயது மூத்தவர். நாலு வயதில் தமிழ்நாட்டில் எங்கள் ஊரிலிருந்து மலேயாவுக்குக் கப்பலேறி வந்தவர். நான் இங்கே லயத்தில், தோட்டத்துக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். இந்த ஒரு வித்தியாசம் பின்னால் எங்களைக் கடலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று ஆக்கியது.

அண்ணன் பால்மரம் வெட்டுகிறவர், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. மத்தியானம் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து குளித்துச் சாப்பிட்டதும், ஆபீசில் கழித்துப்போட்ட தாள்களின் பின்பக்கத்தில் எழுத உட்காருவார். ஏழு கதைகள் எழுதினார். ஒரு கதையில், காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற பிரட்டில், செத்துப்போன தன் மனைவியின் பெயருக்கும் சேர்த்து 'இருக்கேன்' என்று சொல்லிவிடுகிற ஒரு கிழவர் வருவார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அண்ணன் வாசித்துக் காட்டுவார், அம்மா மீன் கழுவிக்கொண்டே கேட்கும்.

"இது நம்ம மூணாவது லயத்துக் கெழவன்தானே? அவருகிட்ட கேட்டியாடா? படிச்சாருன்னா ஒதைக்க வருவாரு."

"அவருக்குப் படிக்கத் தெரியாதும்மா."

"அப்ப நான் போயி சொல்லுறேன். ஒனக்கு ஒத வாங்கிக் குடுத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

சொல்லிவிட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தக் கதையைக் கேட்கிறபோதெல்லாம் அம்மாவுக்கு அப்பா ஞாபகம் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

மலாக்கா டவுனில் ஒரு சின்ன அச்சுக்கூடத்தில் கொடுத்துப் புத்தகமாகப் போட்டார். சணல் கயிற்றால் கட்டி இரண்டு கட்டுகள் பஸ்ஸில் வந்து இறங்கின. அண்ணன் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். மை வாசனை. என்னிடமும் நீட்டினார். அட்டையில் கதைப் புத்தகத்தின் தலைப்பும் அண்ணன் பெயரும். அதைத் திருப்பினால் முதல் தாளில் மறுபடியும் பெயர், இன்ன தோட்டம், தொழிற்சங்கக் கிளைச் செயலாளர் என்று. அதன் கீழே சங்கத் தோழர்களுக்கு நன்றி என்று இரண்டு வரி. அந்தத் தாளைத்தான் அவர் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்யூனிஸ்ட்காரர்களை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் கொண்டுவந்திருந்த சமயம் அது. புத்தகம் வந்த பத்தாம் நாள் அண்ணனைப் பிரட்டுக் களத்திலேயே வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். துப்பாக்கி எடுத்தார், காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட்காரர்களுக்கு அரிசி கொடுத்தார் என்று யாரும் சொல்லவில்லை. சங்கத்தில் இருந்தார், கூட்டத்தில் பேசினார், அவ்வளவுதான். வண்டி போன பிறகு, பெயர் கூப்பிடுகிற மண்டோர் மறதியாக அண்ணன் பெயரையும் ஒருமுறை கூப்பிட்டுவிட்டார். யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்தில் வீடு வீடாகச் சோதனை என்று செய்தி வந்தது. அச்சடித்த தமிழ் எது கிடைத்தாலும் எடுத்துப்போகிறார்கள், போலீசில் தமிழ் படிக்கிற ஆள் ஒருவர் உட்கார்ந்து பெயர்களைக் குறிக்கிறார் என்றார்கள். 'தோழர்' என்ற சொல் ஒன்று இருந்தால் போதுமாம். எனக்கு அப்போது பதினெட்டு வயது. கட்டுகளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அம்மா குறுக்கே வந்து நின்றது.

"எரிக்காதடா. அவன் பெத்தது அது."

"போலீசு மாத்தா வந்தா என்னையும் ஏத்திக்கிட்டுப் போயிருவான்மா. நீ தனியா என்ன பண்ணுவ?"

அம்மா கட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச நேரம் கழித்து அதுவேதான் வழி சொன்னது. பெயர் இருக்கிற தாளை மட்டும் எடுத்துவிடு, கதை இருந்துவிட்டுப் போகட்டும், கதைக்கு யாரைப் பிடிப்பான் என்றது. எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்கிற மாதிரி வழியைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து அட்டையையும் முதல் தாளையும் கிழித்து அடுப்பில் போட்டேன். காலையில் தொடங்கியவன் மத்தியானம் வரை கிழித்தேன். சில பிரதிகளில் கை அவசரத்தில் அடுத்த தாளின் ஓரமும் சேர்ந்து வந்தது. ஒன்றையாவது முழுசாக வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. பயந்தவனுக்கு அதெல்லாம் தோன்றாது, பிள்ளைகளே.

சோதனைக்கு யாரும் வரவே இல்லை.

தடுப்பு முகாமில் அண்ணனைப் பார்க்க ஒரே ஒரு தடவை விட்டார்கள். நடுவே இரண்டு வரிசைக் கம்பி வலை, பக்கத்தில் காவல்காரர். அண்ணன் இளைத்திருந்தார். அம்மாவைப் பற்றிக் கேட்டார். பிறகு உடனே புத்தகத்தைப் பற்றித்தான் பேசினார். வீட்டில் பூட்டிவைக்காதே, படிக்கிறவர்கள் கையில் கொடு என்றார். பத்திரிகைக்கும் அனுப்பச் சொன்னார்.

"மதிப்புரைக்கு ரெண்டு பிரதி அனுப்பணும்டா. ஒண்ணு மட்டும் அனுப்புனா போட மாட்டாங்க. நல்லாருக்கோ நல்லால்லையோ, படிச்சவன் ஒருத்தன் என்ன சொல்றான்னு எனக்குத் தெரியணும்."

கிழித்ததைச் சொல்ல வாயெடுத்தேன். காவல்காரர் எங்கள் பக்கம் திரும்பினார். சரிண்ணே என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு அண்ணனை நான் பார்க்கவில்லை. மூன்று மாதத்தில், இங்கே பிறக்காதவர் என்று அவரைக் கப்பலேற்றி, அவருக்கு முகம்கூட ஞாபகமில்லாத ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

சொன்னபடி செய்தேன். காட்டிலிருந்தவர்களுக்கு எதுவும் போய்ச் சேரக்கூடாது என்று அரசாங்கம் லயங்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட்டபோது, சாமான்களோடு புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு சோதனை வாசல் வழியாகப் போகத் துணிச்சல் இல்லை. அதற்கு முன்பே கோயில் திருவிழாவில் சிலருக்கு, ஜாசின் முடிவெட்டும் கடையில் சில, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குச் சில என்று கொடுத்துத் தீர்த்தேன். அட்டை இல்லாத புத்தகம் என்பதால் பலபேர் பழைய புத்தகம் என்றே நினைத்திருப்பார்கள். இரண்டை மட்டும் பொட்டலம் கட்டி, மலாக்கா டவுன் வரை போய், என் விலாசம் எழுதாமல் பத்திரிகைக்கு அனுப்பினேன். புத்தகத்தின் தலைப்பையும் மதிப்புரைக்கு என்பதையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வைத்தேன். அதிலும் அண்ணன் பெயரை எழுதவில்லை.

அண்ணன் ஊரில் சித்தப்பா வீட்டில் தங்கி அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். மாதம் ஒரு கடிதம் வரும். ஊர்க்காரர்கள் என்னை மலேயாக்காரன் என்று கூப்பிடுகிறார்கள் என்று எழுதுவார். அங்கே என்னை ஊர்க்காரன் என்றார்கள், இங்கே வந்தால் இப்படி, எங்கே போனாலும் நான் வேறு இடத்துக்காரன்தான் என்று வேடிக்கையாக எழுதுவார். எந்தக் கடிதமானாலும் கடைசியில் ஒரு கேள்வி இருக்கும். மதிப்புரை வந்துச்சா?

தோட்டத்தில், ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி வீட்டுக்கு மட்டும்தான் பேப்பர் வரும். அவர் யாழ்ப்பாணத்துத் தமிழர். படித்துவிட்டு ஆபீசுக்குக் கொண்டுவந்து போடுவார். அதற்குள் பாதித் தாள் எதையாவது மடிக்கப் போயிருக்கும். மிச்சத்தில் நான் தேடுவேன். ஆறு மாதம் தேடினேன். கண்ணில் படவில்லை. இன்னும் வரலேண்ணே என்று எழுதி எழுதி எனக்கே வெட்கமாகிவிட்டது. பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் மற்ற விஷயங்களை எழுதினேன். அவர் கேட்பதை நிறுத்தவில்லை.

வருஷங்கள் போயின. அம்மா வேலிக்குள்ளேயே கண்ணை மூடிவிட்டது. எனக்கு ஆபீசில் செக்ரோல், அதாவது ஆட்களின் வருகைக் கணக்கு, எழுதுகிற வேலை கிடைத்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது, அவசரகாலம் மட்டும் போகவில்லை. உங்கள் அம்மாவைக் கட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தபோது, பெரிய கிராணியின் மகன் விடுமுறைக்கு வந்தார். சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். ஆபீசில் பழைய பேப்பர் கட்டை நான் வழக்கம்போலப் புரட்டுவதைப் பார்த்து, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். ஒரு புத்தகத்தின் மதிப்புரை, பல வருஷத்துக்கு முந்தியது என்றேன். யாருடைய புத்தகம் என்று நான் சொல்லவில்லை.

"எங்கட லைப்ரரியில பழைய பேப்பர் எல்லாம் வருஷம் வருஷமாக் கட்டி வச்சிருக்கினம், அண்ணை. தமிழ்ப் புத்தகமும் இப்ப நிறையச் சேர்க்கினம். தலைப்பைச் சொல்லுங்கோ, நான் பார்த்து எழுதுறன்."

அப்படி ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். மீன் மடித்த பேப்பரைக்கூட யாரோ மடிக்காமல் எடுத்து வைத்திருக்கிறார்கள்! அன்று வீட்டுக்கு நடந்தபோது கால் தரையில் பாவவில்லை.

இரண்டு மாதத்தில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. புத்தகமும் இருக்கிறது, மதிப்புரையும் இருக்கிறது. வெளியே எடுத்துவர முடியாது, நேரில் வந்தால் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். லீவு கேட்டு வாங்கிக்கொண்டு மூவார், பத்து பகாட், ஜொகூர் என்று பஸ் மாறி மாறிப் போனேன். நல்ல சட்டை ஒன்றுதான் இருந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சிங்கப்பூரில் இறங்கிய பிறகு மாற்றிக்கொண்டேன்.

அந்த நூலகத்தின் அமைதி எனக்குப் பழக்கமில்லாதது. செருப்புச் சத்தம் கேட்டுவிடுமோ என்று குதிகாலைத் தூக்கியே நடந்தேன். சின்னச் சின்ன இழுப்பறைகள் வரிசையாக இருந்தன. இழுத்தால் உள்ளே ஒரு புத்தகத்துக்கு ஓர் அட்டை. பெரிய கிராணி மகன் ஓர் அட்டையைக் காட்டினார். அண்ணன் புத்தகத்தின் தலைப்பை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தார்கள். ஆசிரியர் பெயர் வருகிற இடத்தில் ஒரு சொல். என்னவென்று கேட்டேன்.

"எழுதினவர் பேர் தெரியாது எண்டு போட்டிருக்கினம்."

புத்தகத்தை மேசைக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல நீல அட்டை போட்டுத் தைத்திருந்தார்கள். திறந்தேன். முதல் பக்கத்தின் ஓரம் பிய்ந்திருந்தது. என் கை பிய்த்தது. பத்திரிகைக்கு நான் அனுப்பிய இரண்டில் ஒன்றுதான் எப்படியோ அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. பிய்ந்த ஓரத்தைக்கூட வீணாக்காமல் மெல்லிய தாள் வைத்து ஒட்டியிருந்தார்கள்.

பிறகு பேப்பர் கட்டு வந்தது. கதவு அளவுக்குப் பெரியது. மதிப்புரை உள்பக்கத்தில் ஒரு முழம் நீளம் இருந்தது. நான் நின்றுகொண்டே படித்தேன். ஏழு கதைகளில் நாலைப் பெயர் சொல்லிப் பாராட்டியிருந்தார்கள். கிழவர் கதையைப் படித்துவிட்டு அன்று வேறு வேலை ஓடவில்லை என்று எழுதியிருந்தார்கள். ஒரு கதை பிரசங்கமாகப் போய்விட்டது என்றும் சொல்லியிருந்தார்கள். அது உண்மைதான். எல்லாம் சரி. கடைசிப் பத்தியில்தான் வந்தது. இவ்வளவு எழுதத் தெரிந்தவர் தன் பெயரைப் போடத் துணியாதது ஏன் என்று கேட்டிருந்தார்கள். தொழிலாளியின் தைரியத்தைப் பற்றி எழுதுகிறவர், முதலில் தாம் முகத்தைக் காட்ட வேண்டாமா, ஒளிந்துகொண்டு எழுதுவதை எழுத்து என்று எப்படி ஏற்பது என்று முடித்திருந்தார்கள்.

அண்ணன் ஒளியவில்லை. பிரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் நின்று போனவர். ஒளிந்தவன் நான்.

என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெரிய கிராணி மகன் என்னவென்று கேட்டார். அவரிடம்தான் முதன்முதலாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தார்.

"கடைசிப் பந்திய விடுங்கோ அண்ணை. தூரத்தில இருக்கிற மனுசன். நல்லதை மட்டும் எழுதி அனுப்புங்கோ."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கடைசிப் பத்திக்கு முன்னால் வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். ஒரு தடவை அவர் தாளைக் கிழித்தவன், இன்னொரு தடவையும் கிழிப்பதா? எழுதினேன். முழுசாக, புள்ளி விடாமல் எழுதினேன். தோட்டத்துக்குத் திரும்பி வந்து, அதன் கீழே நான் செய்ததையும் எழுதி அண்ணனுக்கு அனுப்பினேன்.

ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. கையெழுத்து நடுங்கியிருந்தது. நெஞ்சுச் சளி விடவில்லை, ஆலைக்குப் போவதில்லை என்று எழுதியிருந்தார். என்னைத் திட்டவில்லை. அம்மா சொன்ன யோசனைதானே, அம்மா சொன்னால் நானும் கேட்டிருப்பேன் என்று எழுதியிருந்தார். நாலு கதையைப் பாராட்டியிருக்கிறார்கள் என்பதை இரண்டு இடத்தில் எழுதியிருந்தார். கடைசியில் பேசுகிற மாதிரியே இப்படி முடித்திருந்தார். "பேப்பர்காரரு சொன்னது போகட்டும்டா. அது பழசு. அந்த லைப்ரரியில போயி, இது என் அண்ணன் எழுதுனதுன்னு சொல்லி என் பேர எழுதச் சொல்லு. அது போதும் எனக்கு."

அது ஒன்றுதான் அவர் என்னிடம் கேட்டது. ஒரு கடிதம் எழுதிப் போட வேண்டியதுதான். நான் எழுதவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். என் பிறப்புப் பத்திரம் ஜப்பான் காலத்தில் தொலைந்துவிட்டது. குடியுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். உங்களில் மூத்தவன் வயிற்றில் இருந்தான். நாடு கடத்தப்பட்டவர் என் அண்ணன் என்று ஓர் அரசாங்க இடத்துக்கு என் கையால் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பல்கலைக்கழகத்துக்கும் போலீசுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்று கேட்பீர்கள். அன்று எனக்கு எல்லா ஆபீசும் ஒரே ஆபீஸ்தான். பத்திரம் கைக்கு வரட்டும், வந்த மறுநாளே எழுதுவோம் என்று இருந்தேன். எழுதச் சொல்லியிருக்கிறேன்ணே என்று அண்ணனுக்கு மட்டும் ஒரு பொய் எழுதினேன். எழுதிட்டாங்களா என்று அவர் இரண்டு தடவை கேட்டார். பெரிய இடம், நேரமாகும் என்று பதில் எழுதினேன்.

எட்டு மாதம் ஆயிற்று. மூத்தவன் பிறந்து, குப்புற விழத் தொடங்கியிருந்தான். சித்தப்பா மகனிடமிருந்து கடிதம் வந்தது. அண்ணன் போய்ச் சேர்ந்து பதினாறு நாள் காரியமும் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தார். கடைசி வாரங்களில் தபால்காரர் தெருவில் வந்தாலே எழுந்து உட்காருவார் என்றும் எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதினார், பாவம். அவருக்கு என்ன தெரியும்?

குடியுரிமைப் பத்திரம் அதற்குப் பிறகுதான் வந்தது. நூலகத்துக்கு அன்றே எழுதினேன். யாருக்கும் பயப்படாமல், அண்ணன் பெயர், தோட்டத்தின் பெயர், சங்கப் பொறுப்பு, எல்லாம் எழுதினேன். அவர்கள் என்னைக் காக்கவைக்கவில்லை. மூன்றே வாரத்தில் பதில் வந்தது. பெரிய கிராணி வாசித்துத் தமிழில் சொன்னார். மிகவும் மரியாதையான கடிதம். இந்தப் புத்தகத்தை எழுதியவரைத் தேடிக்கொண்டிருந்தோம், தெரியவந்ததில் மகிழ்ச்சி என்று எழுதியிருந்தார்கள். அட்டையில் பெயரைச் சேர்க்க ஓர் ஆதாரம் வேண்டும், முதல் தாளோடு உள்ள பிரதி ஒன்று இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஆசிரியரே தம் கைப்பட இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும் என்று எழுதியிருந்தார்கள்.

இரண்டு வரி. நான் அன்றே எழுதியிருந்தால், இந்தப் பதில் அன்றே வந்திருக்கும். நடுங்கிய கையாலாவது அவர் இரண்டு வரி எழுதியிருப்பார். மாதாமாதம் எனக்கு எழுதினவர்தானே?

அவர் எழுதின கடிதம் ஒன்றாவது இருக்கிறதா என்று பெரிய கிராணி கேட்டார். இல்லை. சோதனைக்குப் பயந்து, படித்த கையோடு அடுப்பில் போடுவதுதான் வேலிக்குள் எல்லார் வீட்டிலும் பழக்கம். என் பேர எழுதச் சொல்லு என்று அவர் எழுதியதையும், படித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் அப்படித்தான் போட்டேன்.

நூலகத்துக்கு மரியாதைக்காவது ஒரு பதில் எழுதியிருக்க வேண்டும். ஆசிரியர் கையெழுத்து கிடைக்காது என்று எழுத வேண்டும். ஏன் கிடைக்காது என்றும் எழுத வேண்டும். இரண்டு மூன்று தடவை தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐயா என்று எழுதியதற்கு மேல் கை ஓடவில்லை.